நான்காம் எண் தொட்டி

இங்கிலாந்தில் ஒரு கிராமம் இருக்கிறது. அதன் மொத்த ஜனத்தையும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார வைத்துவிடலாம், இலை மிஞ்சும். அந்தக் கிராமத்தின் மேல் எனக்குப் பொறாமை. ஐம்பத்து மூன்று வயதாகிறது, சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, கண்ணால் பார்த்திராத ஒரு ஊரைப் பார்த்து வயிறெரிவது உடம்புக்கு ஆகாது என்று என் மனைவி சொல்கிறாள். நேரில் பார்த்திருந்தால் எரிச்சல் குறைந்திருக்கலாம். புத்தகத்தில் அல்லவா பார்த்துத் தொலைத்தேன்.

சின்னப் புத்தகம். பன்னிரண்டே பக்கம், வழவழப்பான தாள். அந்தக் கிராமத்தின் வரலாறும் அங்கே காண வேண்டிய இடங்களும். நடுப்பக்கத்தில் வரைபடம், அதில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். ஒன்று, தேவாலயம். அதன் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒரு குழு ஆண்டுதோறும் கூடி அளக்கிறது. இங்கே ரங்கூனில், க்யிம்யிண்டைங் பேட்டையில், எங்கள் தெருவிலும் எட்டு மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்திருக்கிறது. நாங்கள் அளப்பதில்லை. அதைக் கடக்கும்போது கொஞ்சம் வேகமாக நடப்போம், அவ்வளவுதான்.

இரண்டு, தேவாலய வாசலில் நிற்கும் யூ என்ற ஊசியிலை மரம். அதன் பொந்துக்குள் ஏழு பிள்ளைகளை நிறுத்தி ஒரு வாத்தியார் பாடம் நடத்தியதாகச் சொல்லப்படுகிறது. மூன்று, தொழுமரம்: திருடனின் காலை நுழைத்துப் பூட்டி வைக்கும் இரட்டைப் பலகை. கடைசியாகப் பூட்டப்பட்டவன் திருடியது எத்தனை வாத்து என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். நான்கு, கல்தொட்டி. வண்டிக் குதிரைகள் நீர் குடித்தது. இப்போது பூச்செடி. விளிம்பில் கயிறு உராய்ந்த தடத்தை இன்றும் காணலாம். ஆறாவது மதுக்கடை, ராஜா ஒருவர் அங்கே மழைக்கு ஒதுங்கியதாகச் சொல்லப்படுகிறது. எந்த ராஜா என்று மட்டும் சொல்லப்படுவதில்லை. ஒன்பது வரைக்கும் சொல்லி உங்களுக்கும் இந்தக் காய்ச்சலை ஒட்டவைக்க நான் விரும்பவில்லை.

இதுவரைக்கும்கூடத் தாங்கியிருப்பேன். கடைசிப் பக்கத்தில், 'எழுதித் தொகுத்தவர்' என்று போட்டு, என் சித்தப்பா மகனின் பெயர் இருந்தது.

தமிழில் பங்காளிக் காய்ச்சல் என்று ஒரு நோய் உண்டு. பங்கு பிரிக்க நிலமோ வீடோ இருக்கிறவர்களுக்கு வருவது. எங்கள் குடும்பத்தில் பிரிப்பதற்கு ஒன்றுமில்லாததால் எனக்கு வராது என்று நினைத்திருந்தேன். வரலாறு வழியாக வந்தது.

அவன் என்னைவிட ஆறு மாதம் இளையவன். பள்ளியில் பக்கத்து இடம். சரித்திரப் பரீட்சையில் நான் எழுதியதைப் பார்த்து எழுதுவான். ஒரு முறை ஒரு ராஜாவுக்கு நான் அப்பாவை மாற்றிப்போட, அவனும் அதே அப்பாவைப் போட்டான். மார்க் வந்தபோது அவனுக்கு என்னைவிட ஒன்று கூடுதல். கையெழுத்து நன்றாக இருந்ததாம். பிறகு கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போய், இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில் இறங்கி, அங்கே இங்கே இருந்து, இந்தக் கிராமத்துக்குக் குடிபோய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் அந்த ஊருக்கே சரித்திர ஆசிரியன். நான் பிறந்த தெருவிலேயே ஐம்பத்து மூன்று வருஷமாக இருக்கிறேன். ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில், தாமதமாகும் சரக்குகளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன்.

அவன் அனுப்பிய அந்தப் புத்தகம் வந்த வாரமே போனில் அவன் செய்தியும் வந்தது. "அண்ணே, டிசம்பர்ல வர்றேன். நம்ம தெருவப் பாக்கணும். பழசு ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

மதியம் கரண்ட் இல்லாமல் விசிறியால் விசிறிக்கொண்டு அந்தக் கேள்வியை நாலு தடவை படித்தேன். நாங்கள் இருவரும் பிறந்த மரவீடு இருந்த இடத்தில்தான் அந்தச் சாய்ந்த கட்டடம் நிற்கிறது. கோயில் பழசுதான், ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகத்துக்குப் பெயிண்ட் அடித்து அடித்து, பார்க்கிறவர்களுக்குப் போன மாதம் கட்டினது போல இருக்கும். ஒன்பது எண் வேண்டாம். ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும், டிசம்பரில் அவனை அதன் முன்னால் நிறுத்திவிடலாம்.

கிடைத்தது. தெருமுனையில், தூங்குமூஞ்சி மரத்தடியில், பாதி மண்ணில் புதைந்து ஒரு கல்தொட்டி. வாழ்நாள் முழுக்க அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் மோகிங்கா விற்கும் அக்கா அதில்தான் கிண்ணம் கழுவுவாள். அவளுக்கு அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. கணக்கெல்லாம் பர்மியத்தில், திட்டு மட்டும் தமிழில்.

"அக்கா, இந்தத் தொட்டி எவ்வளவு நாளா இங்க இருக்கு?"

"நான் கடை போட வந்தப்பவே இருந்துச்சு சயா." படித்தவன் என்று நம்பி இந்தத் தெருவில் என்னைச் 'சயா' என்பார்கள், வாத்தியார் என்று அர்த்தம்.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நான் வரலியே."

சரித்திர ஆராய்ச்சியில் இவ்வளவு நேர்மையான பதில் கிடைப்பது அபூர்வம். அடுத்து கோயில் கமிட்டிச் செயலாளரிடம் போனேன். குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். எல்லாரும் செக்ரட்டரி என்றே கூப்பிடுவோம்.

"அதுவா? முனிசிபல் தொட்டி," என்றார். "கக்கூஸ் வண்டி மாடு தண்ணி குடிக்கிறதுக்குப் போட்டது. விடிகாலைல வீடு வீடா வாளி எடுத்து, வண்டில ஊத்தி, ஆத்தோரம் கொண்டுபோவாங்கள்ல, அந்த மாடு. எங்கப்பா சொல்வாரு. எங்க தாத்தா ஒரு வண்டி, உங்க தாத்தா அதுக்குப் பின்னாடி வண்டி. தெரியாதா சயா உங்களுக்கு?"

தெரியும். வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. "முனிசிபல்ல வேலை" என்பார்கள், அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். நானும் நன்றி சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த வழவழப்பான புத்தகத்தை மறுபடி புரட்டினேன். சாய்ந்த கோபுரம், மழைக்கு ஒதுங்கிய ராஜா, வண்டிக் குதிரைகள். அந்த வரிசைக்குப் பக்கத்தில் கக்கூஸ் வண்டி மாட்டை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவன் குதிரையோடு வருவான், நான் எதோடு போவது? ஒரு தாள் எடுத்து, தமிழில் பாதி பர்மியத்தில் பாதி, எழுதினேன்: 'எங்கள் தெருவின் வரலாறும் காண வேண்டிய இடமும். இத்தொட்டி மிகப் பழமையானது. துறைமுகத்துக்குச் செல்லும் வழியில் துரைமார்களின் சாரட்டுக் குதிரைகள் இதில் நீர் அருந்தியதாகச் சொல்லப்படுகிறது.' அந்தக் கடைசி வார்த்தை அவன் புத்தகத்திலிருந்து எடுத்தது. பரீட்சையில் அவன் என்னிடம் காப்பியடித்ததற்கு இதோடு சரியாகப் போயிற்று.

மனைவி படித்துப் பார்த்தாள். "ஏங்க, யார் சொன்னா?"

"சொல்லப்படுகிறது."

"அதான், யாரால?"

தாளை மேலும் இரண்டு பிரதி எடுத்து, டீக்கடைத் தூணில் ஒன்று, கோயில் வாசலில் ஒன்று, மரத்தில் ஒன்று என்று ஒட்டினேன். பத்து நாளில் அவன் வந்துவிடுவான். தெரு ஜனம் நின்று படித்தார்கள். மோகிங்கா அக்கா கிண்ணம் கழுவுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி வைத்துக்கொண்டாள். யாரோ தொட்டி விளிம்பில் ஒரு மல்லிகைச் சரம் வைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சரித்திரம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்கும் போல.

அந்த நேரம் பார்த்து ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் துறைமுகத்தில் எங்கள் கம்பெனிச் சரக்குப் பெட்டி ஒன்று ஏதோ காகிதம் இல்லாமல் மாட்டிக்கொண்டது. பாலம் தாண்டித் தினமும் பஸ்ஸில் போய்வர முடியாதென்று, கூட வேலை பார்க்கிறவர் வீட்டிலேயே ஒரு வாரம் தங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து தெருமுனையில் இறங்கினதும், தவறான நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

தமிழர்களும் பர்மியர்களும் எதில் ஒத்துப்போகிறார்களோ இல்லையோ, இதில் ஒத்துப்போவார்கள்: பழையது, பெருமை வாய்ந்தது என்று தெரிந்துவிட்டால் உடனே அதைப் புதிதாக்கிவிட வேண்டும். பழசை அப்படியே பாசி பிடிக்க விட்டால் அது மரியாதையா? நான் இத்தனை நாளாக இதை மறந்திருந்தேன். இங்கிலாந்துப் புத்தகம் படித்துப் படித்து, நானே அந்தக் கிராமத்துக்காரனாகிவிட்டேன்.

தொட்டியைத் தோண்டி எடுத்து மேடை கட்டி ஏற்றியிருந்தார்கள். நாலு பக்கமும் நீல நிற டைல்ஸ், யாரோ வீட்டுக் குளியலறையில் மிஞ்சியது. விளிம்பு முழுக்கத் தங்கப் பெயிண்ட். தன்லியினைத் தாண்டிக் கியாக்தான் ஊர்ப் படகுக்காரர் ஒருவர் அங்கே ஆற்றுத் தீவில் இருக்கும் புத்தர் கோயிலுக்கென்று வாங்கி மிஞ்சியதைக் கொடுத்தாராம். மேலே மினுக்கு விளக்கு, சிவப்பும் பச்சையும். முன்பக்கம் நட்டநடுவே ஒரு பெரிய டைல். அதில் பிடரி பறக்க ஒரு வெள்ளைக் குதிரை. அதற்குக் கீழே, தமிழிலும் பர்மியத்திலும், டைல்ஸ் உபயம், பெயிண்ட் உபயம், சிமெண்ட் உபயம், விளக்கு உபயம் என்று பெயர்கள். மோகிங்கா அக்கா பெயர்கூட இருந்தது. வேலையாட்களுக்குக் காலை உணவு உபயம்.

என் பெயரைத் தேடினேன். இரண்டு தடவை தேடினேன்.

செக்ரட்டரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எப்படி சயா?"

"பிரமாதம்," என்றேன். வேறு என்ன சொல்ல? "வரலாறு எழுதினவர் பேரு எங்கயும் காணோமே."

"நீங்க ஒண்ணும் குடுக்கலியே. எழுதித்தானே குடுத்தீங்க."

"சரி, அந்தக் குதிரை?"

"நீங்கதானே எழுதியிருந்தீங்க."

"மாடுன்னு நீங்கதானே எங்கிட்ட சொன்னீங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் வாயால சொன்னேன். நீங்க பேப்பர்ல போட்டுட்டீங்க. எங்கப்பா சொன்னத விட உங்க பேப்பர் பெருசுதானே சயா."

கிண்டலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்தான். டிவியில் பர்மாச் செய்தி பார்த்துப் பயந்து அவன் மனைவி வரவில்லையாம். தலை முழுக்க நரை, ஆனால் வயிறு இல்லை. அதுவும் ஒரு வகையில் எனக்குச் செய்த துரோகம்தான். டாக்ஸியிலிருந்து இறங்கியவன் என்னைக் கட்டிக்கொண்டு, என் தோளுக்கு மேலாகத் தெருமுனையைப் பார்த்தான்.

"அண்ணே, தொட்டி எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொட்டியைப் பற்றி நான் அவனுக்கு ஒன்றும் எழுதவில்லை. திடீரென்று காட்டி வாயடைக்க வைக்கலாம் என்று வைத்திருந்தேன்.

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"அதத்தானே பாக்க வந்தேன். அந்த ஊர்ல வீடு பாக்கப் போனப்ப முதல்ல கண்ணுல பட்டது அங்க இருக்கிற குதிரைத் தொட்டிதான். அப்படியே நம்ம தொட்டி. அதுக்காகவே அந்த வீட்ட வாங்கினேன்னு வச்சுக்கோயேன். அவகிட்ட வெளிச்சம் நல்லா வருதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கூட்டிக்கொண்டு போனேன். பகலிலும் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவன் உபயப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தான். பிறகு குதிரைக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தான். கும்பிடுகிறான் என்று நினைத்து அக்கா செருப்பைக் கழற்றச் சொன்னாள். அவன் கும்பிடவில்லை, விளிம்பை உள்பக்கமாக விரலால் தடவிக்கொண்டே போனான். ஒரு சுற்று முடித்து இரண்டாவது சுற்றும் போனான்.

"தம்பி என்ன தேடுறாரு?" என்றார் செக்ரட்டரி.

"மூக்கணாங்கயிறு உராஞ்சு உராஞ்சு தேஞ்ச பள்ளம் ஒண்ணு இருக்கும். ரெண்டு விரல் போகும். தாத்தா மாடு இந்தப் பக்கந்தான் நிக்கும்னு அப்பா காட்டியிருக்காரு."

"ஓ, அந்தப் பள்ளமா?" செக்ரட்டரி முகம் மலர்ந்தது. "அத நல்லா சிமெண்ட் வச்சு அடைச்சிட்டேன் தம்பி. இப்பப் பாருங்க, வழவழன்னு."

தம்பி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். மரத்தில் நான் ஒட்டிய தாளைப் படித்தான். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும். எத்தனை பரீட்சை பார்த்திருக்கிறான்.

"குதிரையா அண்ணே?" என்றான்.

"சொல்லப்படுகிறது."

"நம்ம தாத்தா ஓட்டினது கக்கூஸ் வண்டி."

தெருவில் நின்று, சாதாரணக் குரலில், செக்ரட்டரியும் அக்காவும் கேட்கச் சொன்னான். வானம் இடிந்து விழவில்லை. அக்கா, "எங்கப்பா வழித் தாத்தாவும் அதான்," என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்கோலால் வடையை நறுக்கி மோகிங்காவில் போட்டாள். செக்ரட்டரி, "நான்தான் சொன்னேனே," என்றார். வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஊரில் யாருக்கும் இல்லாத வெட்கத்தை நான் மட்டும் இவ்வளவு வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன்.

அவன் குத்திக்காட்டவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிட்டான், என் மனைவியின் கருவாட்டுக் குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கினான், போட்டோ எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

மூன்று மாதம் கழித்து யாரோ கையில் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பைக் கொடுத்தனுப்பினான். கோபுரம் அதே மாதிரி சாய்ந்திருந்தது. வாத்துத் திருடனும் ராஜாவும் அவரவர் இடத்தில். நான்காம் எண்ணுக்கு மட்டும் இப்போது இரண்டு படம். ஒன்றில் பாசி பிடித்த அவர்கள் தொட்டி, இன்னொன்றில் நீல டைல்ஸில் நம் தொட்டி. கீழே இங்கிலீஷில் சிறு எழுத்தில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: 'இதே போன்ற தொட்டி ஒன்று ரங்கூனில் உள்ளது. தொகுப்பாசிரியரின் தாத்தா ஓட்டிய நகரசபைத் துப்புரவு வண்டியின் மாடுகள் அதில் நீர் குடித்தன. குதிரைகள் என்பது உள்ளூர்வாசி ஒருவரின் கருத்து.'

உள்ளூர்வாசி ஒருவர். அவ்வளவுதான் நான். தொகுப்பாசிரியரின் தாத்தாவாம். எனக்கு மட்டும் என்ன, அவர் பக்கத்து வீட்டுக்காரரா? நான் ஒளித்து வைத்த தாத்தாவை அவன் எடுத்துக்கொண்டு போய், சாய்ந்த கோபுரத்துக்கும் மழைக்கு ஒதுங்கிய ராஜாவுக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டான். அந்தப் பந்தியில் அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அன்று மாத்திரை ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டது.

மறுநாளே செக்ரட்டரியிடம் போனேன். "குதிரைய எடுத்துட்டு மாடு போடணும்."

"குதிரை நல்லா இருக்கே சயா. வெள்ளிக்கிழமைல விளக்கு வைக்கிறாங்க. இப்ப எடுத்தா சண்டைக்கு வருவாங்க."

"அப்ப பக்கத்துல ஒரு டைல். நம்ம ரெண்டு தாத்தா பேரும், அக்கா தாத்தா பேரும் போட்டு, முனிசிபல் வண்டி ஓட்டினவங்க, அவங்க மாடுங்க இங்கதான் தண்ணி குடிச்சதுன்னு. உபயம் நான்."

அவர் சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டார். ஒரு தாள் எடுத்து வாசகத்தை எழுதிக்கொண்டார். "உங்க தாத்தா பேருக்குக் கீழ 'பேரன்'னு போட்டு உங்க பேரப் போட்டுரவா? தம்பி பேரும் சேக்கணுமா?"

இந்த இடத்தில் நான் யோசித்த நேரத்தை இங்கே குறிப்பிட மாட்டேன். அக்கா அதற்குள் இரண்டு பேருக்கு மோகிங்கா கொடுத்து முடித்தாள் என்று மட்டும் சொல்கிறேன். அந்த ஊரில் அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. இந்த ஊரிலும் எதற்கு? ஆனால் அந்தப் பள்ளத்தைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்த விரல் அவனுடையது. எனக்கு அங்கே ஒரு பள்ளம் இருந்ததே தெரியாது.

"ரெண்டு பேரையும் போடுங்க," என்றேன். "என் பேரு முதல்ல."

"அதென்ன முதல்ல?"

"ஆறு மாசம் மூத்தவன்."

டைல் ஒட்டினதும் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். மூன்றாம் பதிப்பு எப்போது வரும் என்று கேட்கவில்லை. கேட்காததை அவன் புரிந்துகொள்வான் என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

"ரொம்ப அழகா இருக்கு அண்ணே. தாத்தாவுக்குச் சரியான இடம். ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துது. நீதான் மூத்தவன்னு ஆதாரம் ஏதாச்சும் இருக்கா? எங்கம்மா வேற மாதிரி சொல்வாங்க."

அப்படித்தான் சொல்லப்படுகிறது என்று பதில் அனுப்பினேன்.